இரவில் உடனிருப்பவர் யார்?

கொடைக்கானல், நோய்க்கு அஞ்சியவர்கள் உருவாக்கிய ஊர். மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரிமார் சமவெளியின் வெப்பத்திற்கும் காய்ச்சலுக்கும் தம் குடும்பத்தினரைப் பறிகொடுத்த பின்னர், 1845ஆம் ஆண்டில் பழனி மலைத்தொடரின் மேல் ஏறத்தாழ 7000 அடி உயரத்தில் இரண்டு வீடுகளைக் கட்டிக் குடியேறினர். இன்றைய நகரம் அங்கிருந்து வளர்ந்ததே. கீழே தீராதது மேலே சென்றால் தீரும் என்னும் நம்பிக்கை அன்று முதல் இம்மலையை விட்டு நீங்கவில்லை. அறிவுத்திறன் குறைபாடோ ஆட்டிசமோ உடைய பிள்ளைகளின் பெற்றோர் பலர் இதே எண்ணத்துடன் மலையை நோக்குவதை நாம் கண்டிருக்கிறோம். குளிர்ந்த காற்று, சந்தடியற்ற சூழல், மரங்கள். அங்கே பிள்ளை அமைதியாக இருப்பான் என்று அவர்கள் கருதுகின்றனர். ஊராரின் கேள்விகளிலிருந்து தமக்கும் விடுதலை கிடைக்கும் என்பதை மட்டும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

வத்தலக்குண்டுப் பக்கத்து நண்பர் ஒருவர் அத்தகைய எண்ணத்துடன்தான் ஒரு டிசம்பர் மாதத்தில் நம்மை உடன் அழைத்துச் சென்றார். அவருடைய மகனுக்கு வயது 26. ஆட்டிசம் உடையவன், பேச்சு மிகக் குறைவு. தேநீர் அவனுக்கு அதே குவளையில் வர வேண்டும். குக்கர் விசில் அடித்தால் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு சுவரோரம் ஒடுங்குவான். ஆனால் மஃரிப் பாங்கு கேட்டால் மொட்டை மாடிக்குச் சென்று அது முடியும் வரை அசையாது நிற்பான். தந்தைக்கு இருதய நோய்; தாய்க்கு மாடிப்படி ஏற இயலாத மூட்டுவலி. 'நாங்கள் மவுத்தான பிறகு இவனுக்கு யார்?' என்ற கேள்வியை நண்பர் அதுவரை நம்மிடம் கேட்டதில்லை. அன்று மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து திரும்பும்போதெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.

நாம் பார்த்த இல்லம் தூய்மையாக இருந்தது. ரோஜாச் செடிகள், வெள்ளையடித்த சுவர்கள், நன்கொடையாளர் பெயர் பொறித்த கருங்கற் பலகை. சமையலறையில் பாத்திரங்கள் பளபளத்தன. முப்பதுக்கு மேற்பட்டோர் இரு தளங்களில் வாழ்ந்தனர். பொறுப்பாளர் அன்பாகப் பேசினார். எல்லாவற்றையும் பார்த்து முடித்த பின்னர் நண்பர் ஒரு கேள்வி கேட்டார்: இரவில் இவர்களுடன் இருப்பவர் யார்? ஒருவர் இருக்கிறார் என்பது பதில். அவரே அதிகாலையில் அடுப்பு மூட்டுபவர். மாடியில் உறங்குவோரின் அறைக் கதவு வெளிப்புறமாகத் தாழிடப்படும். இல்லையேல் பனியில் வெளியே போய்விடுவார்கள் என்றார் பொறுப்பாளர். ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் விடுதிகளில் தரும் கூலியை எங்களால் தர இயலவில்லை என்றும் ஒளிக்காமல் சொன்னார். அவரைக் குறைகூற நமக்கு மனமில்லை. எனினும் அந்தத் தாழ்ப்பாள் கண்ணை விட்டு அகல மறுத்தது.

இக்கட்டுரை அந்தத் தாழ்ப்பாளைப் பற்றியது.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மனநோய் வேறு, அறிவுத்திறன் குறைபாடு வேறு, ஆட்டிசம் வேறு. மனநோய் வாழ்வின் இடையில் வரக்கூடியது. மருந்தாலும் துணையாலும் பலருக்குத் தணிவது. மற்ற இரண்டும் பிறப்பிலோ இளமையிலோ தொடங்கி வாழ்நாள் முழுதும் உடன் வருபவை. இவற்றிற்குக் 'குணமாகி வீடு திரும்புதல்' என்பதில்லை. கற்றலும் பழகுதலும் மகிழ்தலும் உண்டு. மருத்துவமனையில் நோயாளி சில நாள் தங்குகிறார். இங்கோ ஒரு மனிதர் நாற்பது ஆண்டுகள் வாழப்போகிறார். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம்கூட, அறிவுவளர்ச்சிக் குறைபாட்டை மனநோய் என்னும் வரையறைக்குள் சேர்க்கவில்லை. நம் பேச்சு வழக்கில் மட்டும் எல்லாம் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. அச்சொல்லை நாம் இங்கு எழுதவில்லை, வாசகர் அறிவர்.

வாழ்நாள் முழுதும் ஓரிடத்தில் இருக்கப்போகிறவருக்கு நல்ல பராமரிப்பு என்பது என்ன? உணவும் உடையும் கூரையும் என்று உடனே சொல்லிவிடுகிறோம். ஆனால் வலியைச் சொல்ல இயலாத ஒருவரை நினைத்துப் பாருங்கள். பல்வலி வந்தால் அவர் கன்னத்தைத் தாமே அறைந்துகொள்வார். மலச்சிக்கல் இருந்தால் தட்டைத் தூக்கி எறிவார். அவரை நெடுநாள் அறிந்தவர் 'இவன் இப்படிச் செய்பவன் அல்லன், எங்கோ வலிக்கிறது' என்று கண்டுகொள்வார். அறியாதவர் முரட்டுத்தனம் என்பார். தூக்க மருந்து கேட்பார். அதுவும் கிடைக்காவிடில் கயிற்றைத் தேடுவார். அறிவுத்திறன் குறைந்தோருள் கணிசமானோர்க்கு வலிப்பும் உண்டு. வலிப்பு ஐந்து நிமிடங்களுக்கு மேல் நீடித்தால் அது அவசர நிலை. அது இரவில் வந்தால் காண்பதற்கு விழித்திருக்கும் ஒரு கண் வேண்டும். ஆதலால் இத்துறையில் பராமரிப்பின் தரம் என்பது கட்டடத்தில் இல்லை. அவரை அறிந்த மனிதர் போதிய எண்ணிக்கையில், போதிய காலம், அதே இல்லத்தில் நிலைத்திருக்கிறாரா என்பதில் இருக்கிறது. மாதம் ஒரு புதிய பணியாளர் வந்துபோகும் இல்லத்தில், பளிங்குத் தரை இருந்தாலும், அங்கு வாழ்பவர் ஒவ்வொரு மாதமும் அந்நியரிடையே விழிக்கிறார்.

கயிறு இல்லங்களில் மட்டும் இருப்பதன்று. பண்ணைக்காட்டுக்கு அப்பால் ஒரு சிற்றூரில், காப்பிப் பழம் பறிக்கச் செல்லும் தாய் ஒருத்தி, பதினான்கு வயது மகளைப் பழைய சேலைத் துணியால் கதவு நிலையில் கட்டிவிட்டுச் செல்வதை நாம் கண்டோம். முடிச்சு கையை அறுக்காமலிருக்கத் துணியை இரண்டாக மடித்திருந்தாள். அருகில் தண்ணீர்ச் சொம்பு. ஓடைப் பக்கம் போய்விடுவாள், வேறென்ன செய்ய என்று கேட்டாள். அவளிடம் சட்டம் பேச நமக்கு நா எழவில்லை. இரண்டாவது ஆள் இல்லாத இடத்தில் கயிறு இரண்டாவது ஆளாகிவிடுகிறது. அதே கயிறு இரும்பாகி, நாற்பது பேரைப் பிணைத்தால் என்ன நேரும் என்பதைத் தமிழகம் ஒருமுறை பார்த்தது. இம்மலையிலிருந்தும் அடிவாரத்திலிருந்தும் மதுரை வழியாகக் கிழக்கே சென்றவர்கள் பலர் அறிந்த ஊர்தான் அது.

ஏர்வாடி

இராமநாதபுரம் மாவட்டத்தில் கடலோரம் அமைந்த ஏர்வாடியில் சுல்தான் சையிது இப்ராகீம் ஷஹீத் (ரஹ்) அவர்களின் தர்கா உள்ளது. மனம் பேதலித்தவர்களை அங்கே தங்கவைத்தால் குணமாகும், கனவில் 'உத்தரவு' கிடைத்த பின்னரே திரும்ப வேண்டும் என்னும் நம்பிக்கை நெடுங்காலமாக நிலவியது. முஸ்லிம்கள் மட்டுமல்லர், எல்லாச் சமயத்தாரும் வந்தனர். வந்தவர்கள் தங்க இடம் வேண்டும்; உடனிருக்க இயலாத உறவினருக்குப் பதிலாகப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இத்தேவையிலிருந்து தர்காவைச் சுற்றித் தனியார் 'மனநலக் காப்பகங்கள்' முளைத்தன. மருத்துவர் இல்லை, பயிற்சி பெற்றவர் இல்லை, உரிமமும் இல்லை. மாதப் பணம் அனுப்பப்பட்டது. சில குடும்பங்கள் அதையும் நிறுத்திவிட்டு முகவரியை மாற்றிக்கொண்டன.

2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடிவதற்கு முன், மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகத்தின் ஓலைக் கொட்டகையில் தீப்பற்றியது. உள்ளே நாற்பதுக்கு மேற்பட்டோர் இருந்தனர், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். பிணைப்புத் தளர்ந்திருந்த சிலர் தப்பினர். 28 பேர் மாண்டனர். உடல்கள் அடையாளம் காண இயலாதபடி கருகியிருந்தன. ஒரு வாரத்திற்குள், ஆகஸ்ட் 13இல், அவ்வூரின் இத்தகைய காப்பகங்கள் யாவும் மூடப்பட்டு, 500க்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் எடுத்துக்கொள்ளப்பட்டனர். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. நீதிபதி இராமதாஸ் தலைமையிலான விசாரணை ஆணையம், உரிமமின்றிக் காப்பகம் நடத்தலாகாது, எவரையும் சங்கிலியிடலாகாது என்று பரிந்துரைத்தது. 2007இல் காப்பக உரிமையாளரும் அவர் மனைவியும் உறவினர் இருவரும் ஏழாண்டுச் சிறைத் தண்டனை பெற்றனர்.

அந்தத் தீயின்போது சட்டம் இல்லாமல் இல்லை. 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் மருத்துவ மனைகளுக்கும் காப்பகங்களுக்கும் உரிமம் கட்டாயம் என்று சொல்லியே இருந்தது. அது நடைமுறைக்கு வந்தும் எட்டாண்டுகள் கழிந்திருந்தன. காவல் நிலையமும் வருவாய்த் துறையும் தர்கா நிர்வாகமும் கண்ணெதிரே இருந்தன. சங்கிலி ஒலி யாருக்கும் கேளாத ஒலியன்று.

அன்று நம்மிடையே எழுந்த விவாதத்தை நினைத்தால் இன்றும் வருத்தம் மேலிடுகிறது. பெரும்பகுதி தர்கா கூடுமா கூடாதா என்பதிலேயே செலவழிந்தது. ஒரு தரப்பு மூடநம்பிக்கையைச் சாடியது. மறு தரப்பு தர்காவின் மாண்பைக் காக்க முனைந்தது. அந்தக் கொட்டகையில் இரவு எத்தனை பணியாளர் இருந்தனர், பூட்டின் சாவி யாரிடம் இருந்தது என்று கேட்டவர் அரிதினும் அரிது. நம்பிக்கை மக்களை ஏர்வாடிக்கு அழைத்து வந்தது உண்மை. அவர்களைக் கொன்றது நம்பிக்கையன்று, ஓலைக் கூரையும் ஆளில்லாமையும். சங்கிலி, தரப்படாத சம்பளத்தின் மாற்றுப் பொருள். பத்துப் பேருக்கு ஒருவர் விழித்திருந்தால் சங்கிலிக்கு அங்கு வேலையே இராது. பின்னாளில் ஏர்வாடியில் அரசு மனநலச் சேவையும், பிரார்த்தனையைத் தடுக்காமல் மருந்தையும் உடன் தரும் 'தவா–துவா' திட்டமும் வந்தன. அந்த வழியே முன்னரே கண்டிருக்க வேண்டியது.

நம்பிக்கை அழைத்து வந்தவர்களை ஓர் ஊர் வேறு விதமாகவும் நடத்தியிருக்கிறது. பெல்ஜியம் நாட்டின் கீல் என்னும் சிற்றூரிலும் புனிதர் ஒருவரின் ஆலயம் உண்டு. மனம் நலிந்தோரை அங்கும் இடைக்காலம் தொட்டுக் கொண்டுவந்தனர். ஆலயத்தில் இடம் போதாதபோது ஊரார் தத்தம் வீடுகளில் தங்கவைத்தனர். அவ்வழக்கமே நிலைத்துவிட்டது. வந்தவர் குடும்பத்தாருடன் உண்டார், வயலுக்குச் சென்றார், குழந்தைகளைத் தூக்கி வளர்த்தார். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அரசு மேற்பார்வையை ஏற்றது; ஊரில் மருத்துவமனை ஒன்று துணை நின்றது. 1930களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு வீடுகளில் வாழ்ந்தனர். அவர்களுள் அறிவுத்திறன் குறைந்தோரும் பலர். எண்ணிக்கை பெரிதும் குறைந்துவிட்டாலும் அவ்வழக்கம் இன்றும் உள்ளது. ஏர்வாடிக்கும் கீலுக்கும் தொடக்கம் ஒன்றே. ஓரிடத்தில் வந்தவர் அடுப்பங்கரைக்கு அருகில் அமர்ந்தார். மற்றோரிடத்தில் ஊருக்கு வெளியே கொட்டகைக்குச் சென்றார்.

நம் மரபில் இருந்ததும் இல்லாததும்

இந்த இடத்தில் நம் எழுத்தாளர்கள் வழக்கமாகப் பீமாரிஸ்தான்களைப் பெருமையுடன் நினைவுகூர்வர். நாமும் நினைவுகூர்வோம், ஆனால் முழுமையாக. சுல்தான் நூருத்தீன் 1154இல் திமிஷ்கில் நிறுவிய மருத்துவமனையை 1184இல் கண்ட பயணி இப்னு ஜுபைர், அங்கு மனம் பேதலித்தோர்க்குத் தனிச் சிகிச்சை இருந்ததைப் பதிவு செய்கிறார். அவர்கள் சங்கிலியில் இருந்தனர் என்பதையும் அவரே எழுதுகிறார். அதை மறைத்துவிட்டுப் பொற்காலம் பேசுவது வரலாறாகாது. அதே பக்கத்தில் அவர் குறிப்பிடும் வேறொன்றுதான் நமக்கு முக்கியம். மேற்பார்வையாளர்களிடம் பதிவேடுகள் இருந்தன; ஒவ்வொரு நோயாளியின் பெயரும், அவருக்குத் தேவையான மருந்துக்கும் உணவுக்கும் ஆகும் செலவும் அவற்றில் எழுதப்பட்டிருந்தன. பெயரும் கணக்கும்! ஏர்வாடியில் மாண்டோர் பலரின் பெயரை உறுதிசெய்யவே இடர்ப்பட்ட நாம், எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தைய அப்பதிவேட்டின் முன் நின்று யோசிக்க வேண்டும்.

1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் நிறுவிய மருத்துவமனையின் வக்ஃபு சாசனமும் இத்தகையதே. ஆண், பெண், செல்வர், வறியர் அனைவர்க்கும் அது திறந்திருந்தது. கட்டடத்தை எழுப்பியதோடு அது நிற்கவில்லை. ஆண்களுக்கு ஆண் பணியாளர், பெண்களுக்குப் பெண் பணியாளர், அவர்களுக்கு வக்ஃபு வருவாயிலிருந்து ஊதியம் என வகுத்தது. நன்கொடை என்றால் கல்லும் சுண்ணாம்பும் என்று கருதாமல், ஆண்டுதோறும் தரவேண்டிய சம்பளம் என்று கருதியவர்கள் அவர்கள்.

திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் சொத்தை நிருவகிக்கும் அறிவு வாய்க்காதவர்களைப் பற்றிப் பேசுகின்றன. அவர்களது பொருளைப் பாதுகாக்க வேண்டும் என்பதோடு, அதிலிருந்து உணவும் உடையும் தரவேண்டும் என்றும், அவர்களிடம் நல்ல சொல் பேச வேண்டும் என்றும் கட்டளை வருகிறது. உணவு, உடை இரண்டையும் நாம் எளிதில் பட்டியலில் சேர்த்துவிடுகிறோம். மூன்றாவது, ஆள் இருந்தால்தான் நடக்கும். பேசுவதற்கு ஒருவர் எதிரில் இருக்க வேண்டுமல்லவா?

அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாக முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பில் இடம்பெறும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. அறிவில் ஏதோ குறை இருந்த ஒரு பெண்மணி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் தமக்கு ஒரு தேவை இருப்பதாகக் கூறுகிறார். எந்தத் தெரு வேண்டும் என்று அவரையே தேர்ந்துகொள்ளச் சொல்லி, அங்கே அவருடன் நின்று, அவர் சொல்லி முடிக்கும் வரை கேட்டார்கள் நாயகம் (ஸல்). அவர் சொன்னது என்ன என்பது அறிவிப்பில் இல்லை. இடத்தைத் தெரிவு செய்யும் உரிமை அப்பெண்மணியிடம் விடப்பட்டது என்பது இருக்கிறது. இன்றைய இல்லங்களில் வாழ்வோர் எந்நேரம் எழுவது, எந்தச் சட்டை அணிவது, யாருடன் அறையைப் பகிர்வது என்பவற்றுள் ஒன்றையேனும் தாமே முடிவு செய்கின்றனரா என்று பார்த்தால் அவ்வில்லத்தின் தரம் புலப்பட்டுவிடும்.

ஊதியம் கூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நாம் சொல்லவில்லை. இங்கிலாந்தில் பிரிஸ்டல் அருகே வின்டர்போர்ன் வியூ என்னும் தனியார் மருத்துவமனை, அறிவுத்திறன் குறைபாடும் ஆட்டிசமும் உடையோர்க்காக 24 படுக்கைகளுடன் நடந்தது. ஒருவருக்கு வாரம் ஏறத்தாழ 3500 பவுன் கட்டணம் அரசுப் பணத்திலிருந்து சென்றது. 2011இல் பி.பி.சி. நிருபர் ஒருவர் பணியாளராகச் சேர்ந்து மறைவாகப் படமெடுத்தபோது, அங்கிருந்தோர் அடிக்கப்படுவதும் தரையில் அழுத்தப்படுவதும் குளிர்ந்த நீர் ஊற்றப்படுவதும் வெளிவந்தன. அவ்விடம் மூடப்பட்டது, 2012இல் 11 பேர் தண்டிக்கப்பட்டனர். முன்னரே வந்த முறையீடுகளைக் கண்காணிப்புத் துறை பொருட்படுத்தவில்லை. பலர் தம் ஊரிலிருந்து வெகுதொலைவில் வைக்கப்பட்டிருந்தனர்; பெற்றோர் விடுதிக்குள் சென்று பிள்ளையின் அறையைப் பார்க்க அனுமதி இருக்கவில்லை. வெளியாள் உள்ளே வராத இடத்தில் பணம் பாதுகாப்பாகாது.

அண்மையில் நம் மாநிலத்திலும் இதையே கண்டோம். 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் இயங்கிய அன்பு ஜோதி ஆசிரமத்திலிருந்து 140க்கும் மேற்பட்டோர் அதிகாரிகளால் மீட்கப்பட்டனர். உரிய உரிமம் இருக்கவில்லை. கொடுமைகள் நடந்ததாகக் குற்றச்சாட்டுகள் எழுந்து, நிருவாகிகள் கைதாயினர். அது வெளிப்பட்டது எவ்வாறு என்பதே கவனிக்க வேண்டியது. அங்கு சேர்க்கப்பட்டிருந்த முதியவர் ஒருவரைப் பார்க்க உறவினர் சென்றபோது அவர் அங்கில்லை; ஆட்கொணர்வு மனு உயர் நீதிமன்றம் சென்றது; விசாரணை தொடங்கியது. ஒருவர் தம் உறவினரைத் தேடி வந்ததால் 140 பேருக்குக் கதவு திறந்தது.

மலையும் தொலைவும்

இனி, பழனி மலைக்குத் திரும்புவோம். தொலைவு இங்கு வேறு வகையில் வினைபுரிகிறது. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் மலைச்சாலை. பழனியிலிருந்து ஏறினால் 60க்கு மேல். வடகிழக்குப் பருவமழையில் மண்சரிந்தால் போக்குவரத்து நின்றுவிடும். மாதம் ஒருமுறை வருவதாகச் சொல்லிச் சென்ற தந்தை மூன்று மாதத்திற்கு ஒருமுறை வருவார். பிறகு பெருநாளுக்கு மட்டும். பிறகு பணம் மட்டும் வரும். அவர் கொடியவர் அல்லர். மூட்டுவலிக்காரர்களுக்கு அந்த வளைவுகள் ஒவ்வோர் ஆண்டும் ஒரு வளைவு கூடுகின்றன. நல்ல காற்றுக்காக மலையேற்றப்பட்ட பிள்ளை, பார்ப்பாரில்லாத பிள்ளையாகிவிடுகிறான்.

குளிரும் உண்டு. டிசம்பர், ஜனவரியில் ஏரியைச் சுற்றிப் புல்லின் மேல் உறைபனி படியும். 'எனக்குக் குளிர்கிறது' என்று சொல்லத் தெரியாதவர், கம்பளியின் சொரசொரப்பைத் தோல் பொறுக்காததால் அதைக் கழற்றி எறிபவர், படுக்கையை நனைத்துவிட்டு ஈரத்திலேயே விடியும் வரை கிடப்பவர் ஆகியோர்க்கு அந்தக் குளிர் அழகன்று. இரவில் ஒருவர் இருமுறை எழுந்து தொட்டுப் பார்க்க வேண்டும். மீண்டும் அதே கேள்விக்கே வந்துசேர்கிறோம்.

மலையில் இல்லங்களே கூடாது என்பது நம் கருத்தன்று. மலையில் பிறந்தவர்க்கு மலையில்தான் வேண்டும். சேலைத் துணியால் மகளைக் கட்டிச் சென்ற அந்தத் தாய்க்கு முதலில் தேவைப்படுவது இல்லமன்று. பகலில் ஆறு மணி நேரம் மகளை ஏற்றுக்கொள்ளும் ஒரு பகல்நேர மையம், அவளது ஊருக்கு அருகில். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவை உடையோர்க்காகவே இயற்றப்பட்டது. பெரியவர்கள் சிறு குழுவாக வாழும் 'கரோந்தா', குறுகிய காலம் தங்கவைக்கும் 'சமர்த்', ஒரு இலட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு தரும் 'நிராமயா' ஆகிய திட்டங்கள் அதன் கீழ் வகுக்கப்பட்டன. குறுகிய காலத் தங்கல் என்பது சிறு விஷயமன்று. இருபது ஆண்டுகளாக ஒரு திருமணத்திற்கும் சேர்ந்து செல்லாத, ஹஜ்ஜுக்கு நிய்யத் வைத்தும் போக இயலாத தம்பதியரை நாம் அறிவோம். தமிழக அரசு, கடுமையாகப் பாதிக்கப்பட்ட அறிவுத்திறன் குறைபாடுடையோர்க்கான மாத உதவித்தொகையை 2023இல் 2000 ரூபாயாக உயர்த்தியது. குடும்பத்திற்கு அது ஒரு தாங்கல், ஆனால் அதைக்கொண்டு ஓர் ஆளை அமர்த்த முடியாது.

அதே சட்டத்தில் பெற்றோர் பலர் அறியாத ஒரு கூறு உண்டு. பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும் பெற்றோர் தாமாகவே சட்டப்படியான காப்பாளர் ஆகிவிடுவதில்லை. மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர் நிலைக் குழுவிடம் விண்ணப்பித்துக் காப்பாளரை நியமிக்கச் செய்ய வேண்டும். நியமிக்கப்பட்டவர் ஆறு மாதத்திற்குள் சொத்துப் பட்டியலையும், பின்னர் ஆண்டுதோறும் கணக்கையும் அளிக்கக் கடமைப்பட்டவர். அனாதையின் பொருளை ஒப்படைக்கும்போது சாட்சி வைக்கச் சொல்லும் மார்க்கத்தைப் பின்பற்றுவோர்க்கு இது அந்நியமான ஏற்பாடன்று. அண்ணன் பார்த்துக்கொள்வான் என்று வாய்மொழியாக விட்டுச்செல்லப்பட்ட எத்தனை சகோதரர்களின் பங்கு எங்கே போயிற்று என்பது ஒவ்வொரு மஹல்லாவுக்கும் தெரியும். மேலும், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சமூகத்தோடு சேர்ந்து வாழ்வதை அவர்களின் உரிமை என்கிறது. இல்லங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்கிறது. சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் எவ்வகையிலும் தடை செய்கிறது. அச்சட்டம் மனநோயாளிகளுக்கானது, வெளியிலிருந்து போடும் தாழ்ப்பாளைப் பற்றி எந்தச் சட்டம் என்ன சொல்கிறது என்று வழக்கறிஞர்கள்தாம் வாதிட வேண்டும்.

நம் தருமத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இத்தகைய இல்லங்களுக்கு நாம் செல்வது பெரும்பாலும் உணவுடன்தான். பிள்ளையின் பிறந்தநாள், தந்தையின் வருட ஃபாத்திஹா, நோன்புப் பெருநாள்; அண்டாவில் பிரியாணி செல்கிறது. வாரத்தில் மூன்று நாள் பிரியாணி உண்டு வயிறு கெட்டுக் கிடந்தோரைப் பற்றி ஒரு பொறுப்பாளர் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்நியர் இருபது பேர் ஒரே நேரத்தில் நுழைந்து, கைதட்டி, கேக் வெட்டி, படமெடுத்துச் செல்வது ஒலிக்கு அஞ்சும் ஆட்டிசம் உடையவருக்கு எப்படி இருக்கும் என்று நாம் நினைப்பதில்லை. வாரம் ஒருமுறை, அறிவிக்காமல், ஒரே மனிதர், வெறுங்கையுடன் வந்து ஒருவர் பக்கத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்து செல்வது அதனினும் பெரிய தருமம். அவருக்கு அங்குள்ளோரின் பெயர்கள் தெரிந்திருக்கும். புதன்கிழமை இல்லாத காயம் அடுத்த புதன்கிழமை இருந்தால் அவர் கேட்பார்.

நண்பர் அன்று மகனை அங்கே சேர்க்கவில்லை. இரண்டு மாதங்களுக்குப் பின், அவ்வில்லத்தில் பிள்ளைகளை வைத்திருக்கும் மூன்று குடும்பங்களைத் தேடிப்பிடித்தார். இரவுக்கு இன்னும் இருவரை அமர்த்தினால் ஆகும் செலவைக் கணக்கிட்டு, பாதியைக் குடும்பங்கள் ஏற்பது என்றும், மீதியை ஓர் ஊர் ஜமாஅத்தின் பைத்துல்மாலிடம் கேட்பது என்றும் முடிவு செய்தனர். பொறுப்பாளர் உடனே ஒப்புக்கொண்டார். தாழ்ப்பாளையும் எடுத்துவிடலாம் என்றார். ஜமாஅத்தில் மூன்று கூட்டங்கள் நடந்தன. கட்டில்கள் வாங்கித்தர எல்லாரும் விரும்பினர். ஓர் அறை கட்டித்தரவும் ஒருவர் முன்வந்தார். மாதச் சம்பளம் என்றதும், அதற்கு எந்தத் தேதி வரை என்று கேள்வி எழுந்தது. அவர்கள் வாழும் வரை என்றார் நண்பர். அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று செயலாளர் குறித்துக்கொண்டார்.